பதினான்காம் துண்டு

முன்பு நான் மலையில் பனி வாரினேன்.
இரவெல்லாம் சரிவைச் சீவிச் சீவி
விடிந்ததும் சறுக்க வருகிறவர்களுக்கு
மடிப்பில்லாத படுக்கை விரித்தேன்.
அதே எந்திரம்தான் இது.
அதே அகலச் சங்கிலிக் கால், அதே ஆறு டன்.
பனித்தகட்டைக் கழற்றிவிட்டு
அரிவாள் பற்கள் மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.
பியெப்ஜா ஆற்றுச் சதுப்பில்
மாடு புதையும், மனிதன் புதைவான்,
இது புதையாது.

ஒரு குருவிக்காக என்றார்கள்.
எத்தனை பெரிய குருவி என்று கேட்டேன்.
பன்னிரண்டு கிராம் என்றார் ஜெமோவித்.
பையிலிருந்து மூன்று சர்க்கரைக் கட்டிகளை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
கனம் புரிந்ததா என்றார்.
பிறகு மூன்றையும் தன் தேநீரில் போட்டுக்கொண்டார்.

நீர்க் கதிர்க்குருவி.
தலையில் வைக்கோல் நிறத்தில் ஒரு வகிடு.
கணுக்கால் தண்ணீர் வேண்டும், முழங்கால் கோரை வேண்டும்,
மேலே வானம் வேண்டும், வேறொன்றும் கேட்காது.
மாடு இருந்தவரை ஜனங்கள் கோரை அறுத்தார்கள்.
மாடு போனது, அரிவாள் போனது,
வில்லோ வந்தது.
மரம் வளர்ந்தால் நல்லதுதானே என்று
வார்சாவிலிருந்து வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
யாருக்கு என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

நான் அதைப் பார்த்ததில்லை அறுக்கும்போது.
குஞ்சுகள் பறந்து,
கடைசிக் குருவியும் செனகல் பக்கம் போன பிறகுதான்
எனக்குச் சாவி கொடுப்பார்கள்.
நான் வரும்போது அது இல்லை.
அது வரும்போது நான் இல்லை.
ஒரே அறையை ஷிப்டு மாற்றிப் பயன்படுத்தும்
இரண்டு தொழிலாளிகள்.

பதினான்காம் துண்டுக்கு மட்டும் அனுமதி இல்லை.
சொந்தக்காரி ஃபெலித்சியா சிகாகோவில்,
துணி வெளுக்கும் கடையில்.
நாலு கடிதம் போட்டோம்.
இரு பக்கமும் மொட்டையடித்த சதுப்பு நடுவே
ஆளுயர வில்லோப் புதராய் நின்றது அது,
முடிதிருத்துபவர் பாதியில் எழுந்து போனதைப் போல.

ஜூனில் ஒருநாள், இரவு ஒன்பதரை,
வெளிச்சம் இன்னும் போக மனமில்லாமல் இருந்தது.
எண்ணிக்கை எடுக்கும் ஜெமோவித்தோடு நின்றிருந்தேன்.
கொசு வலைக்குள் தொலைபேசி அடித்தது.
அவள்தான்.
எதற்காக என் நிலத்தை மொட்டையடிக்கப் பார்க்கிறீர்கள்?
நான் பதில் சொல்லவில்லை.
கையை நீட்டி
பதின்மூன்றாம் துண்டின் பக்கம் தொலைபேசியைப் பிடித்தேன்.

டிர்ர்ர்.
நிறுத்தம்.
டிர்ர்ர், பிறகு இரண்டு விசில்.
மாட்டிக்கொண்ட ஜிப்பை யாரோ இழுப்பது போல.

இவ்வளவுதானா?
இவ்வளவுதான்.
கூடு கட்டுவது?
அவள்.
குஞ்சுக்கு இரை?
அவளேதான். அவன் பாடுவதோடு சரி.
என் முதல் புருஷன் என்றாள்.
அங்கே, பட்டப்பகலில், சலவை எந்திரங்களுக்கு நடுவே
இருமல் வரும்வரை சிரித்தாள்.

கையெழுத்து ஆகஸ்டில் வந்தது.
பணம் பற்றி ஒரு வரி இல்லை.
அடியில் பென்சிலால்:
அடுத்த ஜூனிலும் கூப்பிடு.

இரண்டு நாள் பிடித்தது பதினான்குக்கு.
ரம்பமும் நானும் முட்டிவரை சேறும்.
வேரைத் தோண்டவில்லை. வேர் திரும்பத் தளிர்க்கும்,
திரும்ப வருவேன்,
அது என் வேலை.

இந்த ஜூனில் கூப்பிட்டேன்.
வெட்டிய கட்டைகளுக்கு இடையே
கோரை விரலளவு தலை நீட்டியிருந்தது.
தொலைபேசியை நீட்டினேன்.
தவளை.
வெகு உயரத்தில் ஓர் உள்ளான்
வாலிறகால் ஆடு போலக் கனைத்தது.
பிறகு அதுவும் இல்லை.
பதின்மூன்றில் பாடியதைப்
பதினான்கு என்று சொல்லியிருக்கலாம்.
பன்னிரண்டடி தள்ளி நின்றால் போதும், அவளுக்கு எப்படித் தெரியும்?
இன்னும் வரவில்லை என்றேன்.

கடலுக்கு அப்பால்
துணிகள் சுற்றும் சத்தம்.
யாரோ சில்லறை கேட்கும் சத்தம்.
வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

கை வலிக்கிறதா என்றாள்.
இல்லை.
அப்படியானால் இன்னும் கொஞ்ச நேரம்
பிடித்துக்கொண்டிரு.